மடியில் வைத்த கிண்ணம்

உதைபந்தாட்டத்தில் கோல் காப்பவனுக்கு வாய் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். மற்றவர்கள் ஓடுவார்கள், அவன் நின்ற இடத்தில் நின்று கத்துவான். பின்னால் ஆள் வருகிறான், விடாதே, இடப்பக்கம் பார், தட்டிவிடு. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கிய அந்தக் கத்தல், நாற்பத்தெட்டு வயதில் ரொறன்ரோவிலும் ஓயவில்லை. "பந்து உங்கட பக்கம் வராட்டிலும் கத்துறதுதான் உங்கட வேலை" என்று மனைவி சொல்லுவாள். நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு வெயர்ஹவுஸில். வீடு ஸ்காபரோவில். காலை ஆறரைக்கு ஷிஃப்ட் தொடங்கும். ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, இரண்டு சிக்னல் தள்ளி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காரை நிறுத்துவேன். அங்கே என்னோடு வேலை செய்கிற ஒருவர், பின்னல் தொப்பி போட்டவர், சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். எட்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் அவருக்காகக் காத்திருந்ததில்லை. ஏறியதும் சின்னப் பிளாஸ்கைத் திறந்து, கராம்பு போட்ட தேநீரை மூடியில் ஊற்றி எனக்கு நீட்டுவார். நான் குடித்து முடிக்க 401 நெடுஞ்சாலை வந்துவிடும்.

அவர் சான்சிபாரில் பிறந்தவர். கிழக்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கிற தீவு அது. என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். முதல் தடவை சிரித்தார், பிறகு பழகிக்கொண்டார். எங்களுக்குள் ஆங்கிலம்தான், அதுவும் இருவருக்கும் பாதி பாதி. இங்கே அவர் சொன்னதையும் என் வாயில் வருகிற தமிழிலேயே எழுதுகிறேன். வேறு வழியில்லை.

எட்டு வருடமாகக் காரில் பேசிக்கொண்டு போனோம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அது பொய். நான்தான் பேசினேன்.

போகும்போது முக்கால் மணித்தியாலம், திரும்பும்போது நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம். எங்கள் பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல் விழுந்ததைச் சொன்னேன். ஊரே ஒரே ராத்திரியில் கிளம்பி, மழைக்குள் ஒரு பாலத்தில் அடி அடியாக நகர்ந்ததைச் சொன்னேன். பாதி வழியில், "சைக்கிள் கடையைப் பூட்டினனானோ தெரியேல்லை, பாத்திட்டு வாறன்" என்று திரும்பிப் போன பெரியப்பாவைச் சொன்னேன். அவர் திரும்பி வரவேயில்லை. கொழும்பில் லொட்ஜ் அறையிலிருந்து பொலிஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னேன். கடைசிச் சண்டையில் போன மச்சானைச் சொன்னேன். அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நான் முடித்ததும், "ஓம், சரியான துக்கம்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த ஒரு வரி எனக்குப் போதுமாயிருந்தது. எங்கள் கதையை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட வேற்று மனிதர் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

எங்களில் பல பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. ஒரு ஆளைப் பிடித்தால் விடமாட்டோம். பல்லுப் பிடுங்க வந்தவனையும் கதிரையில் சாய்த்து வைத்துக்கொண்டு எங்கள் வரலாறு சொல்லுவோம். யாராவது என்னைப் பார்த்து "ஸ்ரீலங்கனா?" என்று கேட்டால், அந்த ஒரு சொல்லில் என்ன பிழை என்று அரை மணித்தியாலம் வகுப்பெடுப்பவன் நான்.

ஒருநாள் காரில், என்ன பேச்சின் நடுவிலோ, இப்படியும் சொன்னேன்: "நீங்கள் எல்லாம் வேலைக்கு வந்தனீங்கள் அங்கிள். நாங்கள் உயிரைக் காப்பாத்த வந்தனாங்கள். ரெண்டும் வேற." அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகி முடித்துவிட்டு, அன்றைக்குப் பாதையில் பனி குறைவு என்றார்.

கிண்ணத்தின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் ஒருவன், அவனும் அதே தீவு. வயது ஐம்பது இருக்கும், ஆனால் கால் இன்னும் இருபதிலேயே நிற்கிறது. அவன் ஒரு உதைபந்தாட்ட அணிக்குக் கப்டன். அவர்களுடைய தீவில் ஜனவரியில் புரட்சி நாள் வரும். அரசனைத் துரத்திய நாள், தேசிய விடுமுறை. அங்கே அந்த நாளுக்காக வருடா வருடம் ஒரு கிண்ணப் போட்டி நடக்கும். அதைப் பார்த்து இங்கேயும் ஒன்றை வைத்திருந்தார்கள். ஜனவரியில் ரொறன்ரோவில் வெளியே விளையாடினால் கால் விறைத்துவிடும் என்பதால், காற்றடித்த பெரிய கூடாரத்துக்குள் செயற்கைப் புல்லில் நடக்கும். ஏழு ஏழு பேராக எட்டு அணிகள். தீவு, அதற்கு எதிரே இருக்கிற கரையோர நகரம், கென்யா, உகண்டா, சோமாலியா என்று ஆட்கள் வருவார்கள். நொக்கவுட் முறை, தோற்றால் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஒவ்வொரு அணியிலும் வெளியார் இரண்டு பேர் விளையாடலாம் என்று ஒரு விதி. ஒருநாள் சாப்பாட்டு அறையில் யாரோ எறிந்த தோடம்பழத்தை நான் ஒற்றைக் கையால் பிடித்ததைக் கப்டன் கண்டுவிட்டான். "நீ கோல் நிப்பியோ?" என்று கேட்டான். அப்படித்தான் சேர்ந்தேன்.

போட்டி நடக்கிற அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு ஒரு திருவிழா. கூடாரத்துக்குள் பிலாவ் வாசமும் பொரித்த மீன் வாசமுமாக இருக்கும். பெண்கள் கரையில் நின்று பாடுவார்கள். தொடங்க முதல் கொடியை ஏற்றி, தேசிய கீதம் போட்டு, எல்லோரும் நெஞ்சில் கை வைத்து நிற்பார்கள். நானும் நெஞ்சில் கை வைத்து நின்றேன். இலங்கைக் கீதம் தொலைக்காட்சியில் போனால்கூடச் சத்தத்தைக் குறைக்கிற நான், ஒரு சொல்லும் விளங்காத பாட்டுக்கு எட்டு வருடம் அப்படி நின்றேன். அது என்ன நாள், யாருக்கு நல்ல நாள் என்று ஒருக்காலும் விசாரிக்கவில்லை. அரசனைத் துரத்தினார்கள் என்றால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் அங்கிளைக் கூப்பிட்டேன். "உங்கட நாட்டுக் கிண்ணம், நான் விளையாடுறன், நீங்கள் வராமல் விடுறதோ?" என்பேன். குளிர் என்பார், முழங்கால் நோ என்பார், மகள் ஒஷாவாவிலிருந்து வருகிறாள் என்பார். புரட்சி நாளன்று வேலைக்கும் வரமாட்டார். காய்ச்சல் என்று செய்தி அனுப்புவார். நான் விடுவேனா? அடுத்த நாள் காரில் ஏறும்போது, "உங்கட காய்ச்சல் கலண்டர் பாத்து வருது அங்கிள்" என்று சொல்லிச் சிரித்தேன். அதையும் ஒரு வருடமல்ல, நாலைந்து வருடம் சொன்னேன். அவரும் ஒவ்வொரு முறையும் சிரித்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிண்ணம் எங்கள் கைக்கு வருவதற்கு இரண்டு வருடம் முதல் நடந்தது. பெப்ரவரி நாலாம் திகதி. புதிதாகச் சேர்ந்த சிங்களப் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயது இருக்கும், சாப்பாட்டு அறைக்குப் பால்சோறு கொண்டுவந்திருந்தாள். வாழையிலை கிடைக்காமல் ஃபொயில் தாளில் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தாள். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்து என் முன்னாலும் ஒரு தட்டை வைத்து, "இன்றைக்கு எங்கள் சுதந்திர தினம், நீங்களும் ஸ்ரீலங்காதானே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

எனக்குத் தலை சூடாகிவிட்டது. தட்டைத் தள்ளினேன். தள்ளிய வேகத்தில் அது மேசையின் மறுபக்கம் போய்க் கீழே விழுந்தது. "உங்கட சுதந்திரம் எங்களுக்குக் கரிநாள். அதைக் கொண்டுவந்து என்ர வாயில வைக்காதை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்திவிட்டு வெளியே போனேன். அவள் அழுததைப் பிறகு சொன்னார்கள். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தெரியாமல் செய்தாலும் பிழை பிழைதான், கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கலாமே என்று பொருமிக்கொண்டு காருக்குள் போய் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அங்கிள் ஏறி இருந்தார். ஜக்கெட்டும் போடவில்லை. தன் சப்பாத்தியைப் பாதியாகப் பிய்த்து, தேங்காய்ப்பால் விட்ட அவரைக்கறியை அதற்குள் வைத்து எனக்குத் தந்தார். இருவரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிய, "உந்த மாதிரி நாளுகளில வேலைக்கு வரக்கூடாது. வீட்டில இருக்கிறதுதான் நல்லது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதருக்கு என் மனம் எப்படி விளங்குகிறது என்று வியந்தேன். வியந்ததோடு சரி. ஏன் விளங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

எட்டாவது வருடம் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். கரையோர நகரத்து அணி, முழுக்க இளம் பெடியங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து தண்ட உதைக்குப் போனது. நான் இரண்டைப் பிடித்தேன். இரண்டாவதை விரல் நுனியால்தான் தட்டினேன், சுண்டுவிரல் இன்றைக்கும் நேராக நிமிராது. கப்டன் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். என் வாழ்க்கையில் வென்ற ஒரே கிண்ணம் அது. பள்ளிக்கூடத்தில் விளையாடிய கடைசி வருடப் போட்டி சண்டையால் பாதியிலேயே நின்றுபோனது. முப்பது வருடம் பிந்தி வேறொருவருடைய நாட்டின் பெயரில் எனக்கு அது கிடைத்தது. நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம். எந்தக் கையால் வெற்றி வந்ததோ அந்த வீட்டில் கிண்ணம் அடுத்த ஜனவரி வரை இருக்கும். எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு இரவுதான் இருந்தது. திங்கட்கிழமை காலை வேலையிடத்தில் காட்டுவதற்காகத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். "உதை ஏன் இப்ப காவிக்கொண்டு திரியிறியள்?" என்றாள் மனைவி. "அங்கிளுக்குக் காட்டவேணும், பாவம், அந்தாள் இன்னும் காணேல்லை" என்றேன்.

அவர் வழக்கம்போல் வாசலில் நின்றார். கதவைத் திறந்து ஏறி இருந்ததும், தேநீர் ஊற்றுவதற்கு முதல், கிண்ணத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "இந்தாங்கோ, உங்கட நாட்டுக் கிண்ணம். உங்களுக்காகத்தான் பிடிச்சனான்" என்றேன். காருக்குள் வெளிச்சத்தைப் போட்டுவிட்டேன், வடிவாகப் பார்க்கட்டும் என்று. கிண்ணத்தின் வயிற்றில் அவர்களுடைய மொழியில் இரண்டு வரியும் ஒரு வருடமும் வெட்டியிருந்தது. எனக்கு அர்த்தம் தெரியாது. அவருக்குத் தெரியும். பெருவிரலால் அந்த எழுத்துகளை ஒருமுறை தடவினார்.

பிறகு பின் சீற்றில் வைக்கத் திரும்பினார். நான் விடவில்லை. "வேண்டாம் அங்கிள், பின்னால வைச்சா உருண்டு நசிஞ்சு போகும். நீங்களே பிடிச்சுக்கொள்ளுங்கோ."

பிடித்துக்கொண்டார். மிசிசாகா வரைக்கும், முக்கால் மணித்தியாலம், இரண்டு கையாலும். அன்று தேநீர் இல்லை. கை இரண்டிலும் கிண்ணம் இருக்கும்போது எப்படி ஊற்றுவார்? நான் அந்த இரண்டு தண்ட உதையையும் திரும்பத் திரும்ப விபரித்துக்கொண்டு வந்தேன். கீதம் போட்டபோது உடம்பு சிலிர்த்ததையும் சொன்னேன். வேலையிடத்தில் இறங்கியதும் கப்டனையும் என்னையும் கிண்ணத்தோடு நிற்கவைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லி என் போனை அவரிடமே நீட்டினேன். எடுத்தார். படம் இன்றைக்கும் என் போனில் இருக்கிறது. நடுக்கமில்லாமல் நேராகத்தான் எடுத்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை வாசலில் ஆள் இல்லை. பத்து நிமிடம் நின்றேன். போனில் செய்தி வந்தது: இன்று முதல் பஸ்ஸில் போகிறேன், இவ்வளவு காலமும் ஏற்றியதற்கு நன்றி.

ஸ்காபரோவிலிருந்து அந்த வெயர்ஹவுஸுக்கு பஸ்ஸில் போவதென்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், மூன்று பஸ் மாறவேண்டும். ஜனவரியில். அறுபத்தாறு வயதில். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எட்டு வருடம் ஏற்றி இறக்கியவனிடம் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிச் செய்வதா என்று நினைத்தேன். வேலையிடத்தில் அவர் வணக்கம் சொன்னார், தலையை அசைத்தார், தன் மேசையில் போய் இருந்து சாப்பிட்டார். நான் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை பொறுக்கமுடியாமல் கப்டனிடம் போய் முறையிட்டேன்.

கப்டன் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அவற்ற மடியில வைச்சனியோ? உண்மையாவோ?"

"ஓம். ஏன்?"

"உனக்குத் தெரியாதோ?"

அவன் அங்கேயே இருந்து சொன்னான். அங்கிளின் குடும்பம் அரபு வழி வந்தது. பல தலைமுறையாக அந்தத் தீவில் கடை வைத்து வாழ்ந்தவர்கள். புரட்சி நடந்த நாளிலும் அதன் பிறகு வந்த நாட்களிலும் அரபு வழி வந்தவர்களையும் இந்திய வழி வந்தவர்களையும் தேடித் தேடி வெட்டினார்கள். தப்பியவர்கள் தோணியில் ஏறி ஓடினார்கள்.

"என்ர தாத்தா மற்றவன்ர நிலத்தில கராம்பு ஆய்ஞ்சவர்" என்றான். "அந்த நாளுக்குப் பிறகுதான் அவருக்கெண்டு ஒரு துண்டு காணி வந்தது. அதுக்காக நான் விளையாடுறன். அதில எனக்கு வெக்கமில்லை. ஆனா மற்றதும் நடந்தது. அதையும் இல்லையெண்டு சொல்லமாட்டன். நானும் அவரும் எல்லாம் கதைப்பம், உந்த ஒண்டைத் தவிர. அவர் அந்த நாளில வேலைக்கு வரமாட்டார். நான் ஏனெண்டு கேக்கமாட்டன்."

"எனக்கு அவர் சொல்லேல்லை" என்றேன்.

"நீ கேட்டனியோ?"

நான் கையுறையைக் கழற்றித் திரும்பப் போட்டேன்.

"எட்டு வருசம் ஒரே காரில போனனீங்கள்" என்றான். "உனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் விளையாட வாறாய் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

அன்று பின்னேரம் தனியாகக் கார் ஓட்டி வந்தபோது உடம்பெல்லாம் கூசியது. காய்ச்சல் பகிடி, உயிரைக் காப்பாற்ற வந்த கதை, பால்சோற்றுத் தட்டு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தன. அந்தச் சிங்களப் பெண் ஒரு தட்டைத்தான் என் முன்னால் வைத்தாள். தள்ளிவிட எனக்கு இடமிருந்தது. நான் அவர் மடியில் வைத்து, கீழே வைக்கவும் விடாமல், நெடுஞ்சாலை நீளத்துக்கும் பிடிக்கவைத்தேன். அவள் மேல் நான் பாய்ந்த பாய்ச்சலில் பாதியாவது அவர் என் மேல் பாய்ந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். பிறகு, "நாளைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள். "நல்லாக் கேளுங்கோ, நீங்கள் கதைக்கப்படாது. அவர் ஏதும் சொன்னா இருந்து கேட்டுட்டு வாங்கோ." வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெட்டி ரோல்ஸும் கேக்கும் கட்டித் தந்தாள்.

எட்டு வருடம் வாசலில் நிறுத்திய கட்டடத்துக்குள் அன்றுதான் முதன்முதலாகப் போனேன். ஆறாம் மாடி. அவரே கதவைத் திறந்தார். ஆச்சரியப்படவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தி, அதே கராம்புத் தேநீரை இந்த முறை கண்ணாடிக் குவளையில் தந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

"பரவாயில்லை" என்றார். "நீ கெட்ட மனசில செய்யேல்லை."

கொஞ்ச நேரம் தேநீரைக் குடித்தார். நான் பேசாமல் இருந்தேன். மனைவி சொன்னது நினைவிருந்தது. பிறகு அவர் தொடங்கினார். நான் கேட்காமலே, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நான் காரில் பேசுவேனே அப்படி.

"எனக்கு ஏழு வயசு. விடியக் கருக்கலில சத்தம் கேட்டது. மூண்டு நாள் வீட்டுக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தம். நாலாம் நாள் ஒரு தோணி இருக்கெண்டு ஆரோ வந்து சொல்லிச்சினம். அம்மா, அப்பா, நான், தங்கச்சி நாலு பேரும் பின் ஒழுங்கையாலை நடந்தம். அப்பா துணிக்கடை வைச்சிருந்தவர். பாதி வழியில நிண்டு, 'கடையை ஒருக்கால் பாத்திட்டு வாறன், நீங்கள் நடவுங்கோ' எண்டார். நாங்கள் கரைக்கு வந்திட்டம். தோணிக்காரன் வெளிக்கிடவேணுமெண்டு அவதிப்படுறான். என்னையும் தங்கச்சியையும் தூக்கி உள்ளுக்குப் போட்டிட்டான். அம்மா ஏறேல்லை. ஒரு காலைத் தோணியிலையும் ஒரு காலைக் கரையிலையும் வைச்சுக்கொண்டு, தோணிக்காரனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. நான் அவவின்ர..."

"எங்கட பெரியப்பாவும் இப்பிடித்தான் அங்கிள்" என்றேன் நான்.

என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கடை என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே ஏதோ பொத்துக்கொண்டது. அவருடைய துக்கம் எனக்கும் தெரியும், நானும் உங்களோடுதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினேன். தொடங்கினால் நிறுத்தத் தெரியாதே. பாலம், மழை, முதுகில் கட்டிய மூட்டை, சைக்கிள் கடை, பூட்டு, பெரியப்பா திரும்பி நடந்தபோது போட்டிருந்த சேட்டின் நிறம், பெரியம்மா பாலத்தடியில் விடியும்வரை நின்றது எல்லாம் சொன்னேன். கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். கடைசியில் என் குரலும் தழுதழுத்தது. அந்தக் கதையை அவருக்கு ஏற்கெனவே மூன்று தரமாவது சொல்லியிருக்கிறேன்.

அவர் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் குறுக்கிடவில்லை. நான் முடித்ததும், "ஓம், சரியான துக்கம்" என்றார்.

பிறகு எழும்பிக் குவளைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, வெளியே பனி கொட்டுகிறது, ரோட்டு மோசமாகப் போக முதல் வெளிக்கிடு என்றார். கதவடியில் கையைக் கொடுத்தார். என் கோணல் சுண்டுவிரலைப் பார்த்து, அதை வைத்தியரிடம் காட்டினாயா என்று கேட்டார். நான் மனம் இலேசாகி லிஃப்டில் இறங்கினேன். எல்லாம் சரிவந்துவிட்டது, திங்கட்கிழமை வாசலில் நிற்பார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மனைவிக்கு நடந்ததைச் சொன்னேன். தோணியைச் சொன்னேன், தாய் ஒரு காலைக் கரையில் வைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"தேப்பன் பிறகு வந்தவரோ?" என்று கேட்டாள்.

நான் ஒரு சப்பாத்தோடு நின்றேன்.

"என்னப்பா, தேப்பன் தோணிக்கு வந்து சேந்தவரோ இல்லையோ?"

"தெரியாது" என்றேன்.

"தெரியாதோ? அப்ப இவ்வளவு நேரமும் அங்க என்ன கதைச்சனீங்கள்?"

திங்கட்கிழமை அவர் வாசலில் நிற்கவில்லை. பங்குனியில் வேலையை விட்டுவிட்டு ஒஷாவாவில் மகளோடு போய் இருக்கிறார் என்று கப்டன்தான் சொன்னான். கடைசி நாள் சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். நூறு பேர் நிற்கிற இடத்தில் எப்படிக் கேட்பது? போனில் எத்தனையோ தரம் எழுதிப் பார்த்தேன். "அங்கிள், அப்பா வந்தவரா?" என்று இரண்டு சொல்லில் கேட்கிற கேள்வியா அது? எழுதினேன், அழித்தேன்.

இந்த ஜனவரியில் கப்டன் விளையாடக் கூப்பிட்டான். கிண்ணத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, நான் வரவில்லை என்றேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் வீட்டில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் கிடைத்துவிடவில்லை.

காலையில் தனியாகத்தான் போகிறேன். வானொலி போடுவதில்லை. பக்கத்து சீற்றில் யாருமில்லை, பேசுவதற்கும் ஒன்றுமில்லை. அந்தத் தாய் ஒரு காலைத் தோணியிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தகப்பன் வந்து சேர்ந்தாரா என்பது எனக்குத் தெரியாது.